வாலுக்கு ஒரு தட்டு

சூப் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு சமையலறையிலிருந்து வந்த அம்மா, நடையின் பாதியில் சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பாத்திரத்தை நெஞ்சோடு சேர்த்து, வயிற்றை உள்ளே இழுத்து, எதிரில் வருகிற யாருக்கோ வழிவிடுகிறவளைப் போல இரண்டு மூச்சு நேரம் நின்றுவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி வந்து மேஜை நடுவில் பாத்திரத்தை வைத்தாள்.

"சூடா இருக்கு. பாத்து."

நடையில் யாரும் இல்லை. பெரிய மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மங்கலான விளக்கு, கால்மிதி, சுவரில் தொங்கும் குடைகள், அவ்வளவுதான். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தலைசுற்றலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் இவர்களுக்காகச் சாக்குத் தேட ஆரம்பித்தாயிற்று.

பதினோரு வருடம் கழித்து வந்திருக்கிறாள். வருடக் கடைசி விடுமுறை, வீட்டுக்கு வீடு குடும்பமாகக் கூடிச் சாப்பிடுகிற நாள். தெரு முழுக்கக் கார்கள், வாசல் வாசலாகச் சிரிப்பு. இந்த வீட்டு வாசலில் அண்ணன் கதவைத் திறந்தான். அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அப்பா மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு, "வா. செருப்பை ஓரமா விடு" என்றான். பதினோரு வருடத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் திட்டுவதற்கும் எதிரில் ஒரு மனுஷி நிற்கிறாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது இந்த வீட்டுக்கு ஒத்துவராது.

"வாலு எங்க?" என்று அங்கேயே கேட்டாள்.

"சாப்பாடு ஆறிடும்," என்றான் அண்ணன்.

வாலு அவளுடைய தங்கை. நடக்கப் பழகிய நாளிலிருந்து அக்கா போகும் இடமெல்லாம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு அலைந்ததால் அந்தப் பெயர். இந்த மேஜைக்கு அவள் வந்ததே வாலுக்காகத்தான். தங்கையைப் பார்க்க வேண்டும், கையைப் பிடித்து இந்த வீட்டை விட்டு வெளியே கூட்டிப்போக வேண்டும். அதற்காக வரச்சொல்லி அம்மா எழுதிய இரண்டு வரிக் கடிதத்தை நம்பி, ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தாள். தன் வீட்டில் ஓர் அறையைத் தங்கைக்கென்று ஒழித்து, மஞ்சள் வண்ணம்கூட அடித்துவைத்திருந்தாள்.

மேஜையில் நாலு தட்டுகள் இருந்தன. அம்மாவுக்கு, அண்ணனுக்கு, ஆறு வருடத்துக்கு முன் இந்த வீட்டுக்கு வந்த அண்ணிக்கு, அவளுக்கு.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மணி மூன்றுதான், ஆனால் ஜன்னலில் வெளிச்சம் கரைந்து, சாப்பாட்டு அறை கழுவாத பாத்திரத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. வறுத்த கோழியின் வாசனை, வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கின் வாசனை, மேஜை விரிப்பின் சோப்பு வாசனை, இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. நாள்கணக்கில் சீவாத தலைமுடியின் வாசனை, மூட்டையில் ஈரத்தோடு மறந்துவிட்ட துணியின் வாசனை. காற்று அசையும்போது நெருங்கி வந்தது, அவள் மூக்கைச் சுளித்துத் தேடினால் விலகிப்போனது.

இந்த வீட்டில் யாரையும் அடித்தது கிடையாது. அப்பா அதை ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். அடிக்க வேண்டிய தேவையே அவருக்கு இருந்ததில்லை. தப்பு செய்த பிள்ளையின் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டுவார். அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பிள்ளை வீட்டில் கிடையாது. யாரும் பேச மாட்டார்கள், பார்க்க மாட்டார்கள். அழுதால் காதில் விழாது, எதிரில் வந்து நின்றால் கண் தாண்டிப் போகும். எல்லோரும் எழுந்துபோன பிறகு சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டித் தின்னலாம். என்றைக்காவது அப்பாவுக்கு மனம் இரங்கினால் தட்டை எடுத்து மேஜையில் வைத்து, "வந்து சாப்பிடு" என்பார். அவர் மட்டும்தான் சொல்லலாம். நடுவில் யாராவது பரிதாபப்பட்டு அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டால், பேசியவரின் தட்டும் அலமாரிக்குப் போகும்.

அவளுக்குக் கடைசியாகக் கிடைத்தது பத்தொன்பது நாள். கண் பரிசோதனைப் படிப்புக்கு வெளியூரில் இடம் கிடைத்து, அப்பாவைக் கேட்காமல் கையெழுத்துப் போட்ட குற்றத்துக்காக. பத்தொன்பதாம் நாள், தன் குரல் தனக்கே சந்தேகமாகிப்போய், குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வாலு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பதினாறு வயது. அக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, நான் உன்னைப் பாக்குறேன். நல்லா தெரியுறே. இங்கதான் இருக்கே."

பெட்டியைக் கட்டிக்கொடுத்ததும் அவள்தான். கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டதும் அவள்தான். "ரெண்டு மாசம். ஒரு ரூம் பாத்துட்டு வந்து உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு இவள் ஓடினாள்.

அந்த இரண்டு மாதம் பதினோரு வருடமாகிவிட்டது. கடிதங்களுக்குப் பதில் இல்லை. தொலைபேசியில் இவள் குரலைக் கேட்டதும் யாரோ வைத்துவிடுவார்கள். வாலு கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தாள். பிறகு, என்ன கோபம் வேண்டியிருக்கிறது, ஒரு வரி எழுதக் கூடாதா என்று இவளுக்கும் ரோஷம் வந்தது. ரோஷம் ரொம்ப வசதியான சாமான், அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். மூன்று வருடத்துக்கு முன் அப்பா செத்ததையே எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதினார்கள். சாகும் முன் இவள் தட்டை அவர் எடுத்து வைத்துவிட்டார் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அப்போதாவது வந்திருக்கலாம், வரவில்லை.

"கோழி எடுத்துக்கோங்க," என்றாள் அண்ணி. இனிமையான குரல், வெள்ளைச் சிரிப்பு. "உங்களுக்குப் பிடிக்கும்னு அத்தை சொன்னாங்க."

"வாலு எங்கன்னு கேட்டேன்."

மழைச் சத்தம், கரண்டிச் சத்தம், சுவர்க்கடிகாரம். பிறகு, அறைக்குள்ளேயே, மிக அருகில், நகத்தால் மரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். நீளமாக, நிதானமாக. நின்றது. மறுபடி.

தினமும் பத்து மணி நேரம் மற்றவர்களின் கண்ணைப் பார்ப்பதுதான் அவள் வேலை. இருட்டு அறையில் முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒண்ணு தெளிவா இருக்கா ரெண்டா என்று கேட்டுக்கேட்டு அவளுக்கு ஒரு விஷயம் அத்துப்படி. பக்கத்தில் ஏதாவது அசைந்தால், சத்தம் வந்தால், கண் அந்தப் பக்கம் துள்ளும். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, நிறுத்தவும் முடியாது. அவளிடம் வந்த எத்தனையோ ஆயிரம் பேரில் ஒருவருக்கும் முடிந்ததில்லை.

இந்த மூன்று பேரின் கண்ணும் துள்ளவில்லை.

காது கேட்காமல் இல்லை. அம்மாவின் வாயில் மெல்லுவது நின்றிருந்தது. அண்ணனின் கருமணி விரிந்திருந்தது. அண்ணியின் சிரிப்பு அப்படியே ஆணி அடித்த மாதிரி நின்றது. கண்கள் மட்டும் தட்டை விட்டு இம்மிகூட நகரவில்லை. எத்தனை வருடப் பழக்கம் இருந்தால் இது வரும் என்று கணக்குப் போட்டபோது அவளுக்கு முதுகு சில்லிட்டது.

தொழில் தெரிந்தவள் அவள். மூன்று பேரும் எங்கே பார்க்கவில்லை என்று பார்க்க ஆரம்பித்தாள். அம்மா ஜன்னல்வரை பார்த்தாள், அதற்குமேல் இல்லை. அண்ணன் அலமாரியின் கைப்பிடிவரை போய்த் திரும்பினான். அண்ணி அந்தச் சுவர்ப் பக்கமே தலையைத் திருப்பவில்லை. மூன்று பார்வையும் சுற்றி வளைத்து விட்டுவைத்த ஓர் இடம் இருந்தது. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருக்கும் மூலை.

சரி, அங்கே பார்ப்போம் என்று திரும்பினாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி திரும்பினாள். அலமாரிக் கைப்பிடி.

மறுபடி. ஜன்னல், மழை, கண்ணாடியில் வழிகிற தண்ணீர்.

கண்ணுக்குள் எல்லோருக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. அங்கே விழுவது எதுவும் தெரியாது, மூளை பக்கத்துச் சுவரின் நிறத்தைக் கிழித்து அந்த ஓட்டைக்கு ஒட்டுப் போட்டுவிடும். நோயாளிகளுக்கு ஓர் அட்டையை வைத்து அவள் விளையாட்டாகக் காட்டுவது உண்டு, அவர்களும் சிரிப்பார்கள். வீட்டுக்குள் வந்து இந்த இருபது முப்பது நிமிடத்தில் தான் அந்த மூலையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடையில் யாரும் இல்லை என்று தான் நிச்சயமாகச் சொல்லிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. அப்பா செத்து மூன்று வருடமாகியும் அந்த ஆளின் கை இன்னும் தன் கழுத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்கிறது. அவளுக்குப் பயத்தைவிட முதலில் வந்தது ஆத்திரம்தான்.

"அவ இங்கதான் இருக்காளா?"

அண்ணிதான் வாயைத் திறந்தாள். பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டாள். "எனக்கும் மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. மூணே நாள்ல பழகிடுச்சு."

"வாயை மூடு," என்றான் அண்ணன்.

"பதினோரு வருஷமா?" என்றாள் அவள். "என்கூடப் பேசினதுக்காகவா?"

அம்மா விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள். "உங்கப்பா தட்டை எடுத்து வெப்பாரு வெப்பாருன்னுதான் நானும் பாத்தேன். கடைசி வாரம் அவருக்குப் பேச்சு நின்னுபோச்சு. என்ன பண்றது."

"நீ எடுத்து வெச்சிருக்கலாமே."

"நானா?" அம்மா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"அப்பா வெச்சதை மாத்த நாம யாரு?" என்றான் அண்ணன். பொறுமையாக, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. அவன் மூக்கில் ஒரு குத்து விட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. "அவருக்கப்புறம் அதை எடுக்கிற ஆள் இல்ல. அவ்வளவுதான் விஷயம். சாப்பிடு."

"சாப்பாட்டுக்கு என்ன பண்றா?"

"சட்டியில விட்டு வெப்போம்," என்றாள் அம்மா. குரலை இறக்கினாள். "மொதல்ல எல்லாம் காலியாகும். ராத்திரியில அழற சத்தமும் கேக்கும். இப்ப ரெண்டு வருஷமா சாப்பாடு குறையறதில்ல. அப்படியேதான் இருக்கு."

அவள் அம்மாவையே பார்த்தாள். சொன்னது மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கியது.

"அப்போ நடையில யாருக்கும்மா வழி விட்டே?"

அம்மா உருளைக்கிழங்கை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

பெரிய மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது, அவள் நிமிர்த்தவில்லை. இந்த மூன்று பேர் மேலும், மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கும் நாலாவது ஆள் மேலும், மஞ்சள் வண்ணம் அடித்துக்கொண்டு பதினோரு வருடம் ரோஷம் பாராட்டிய தன்மேலும் அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்த வீட்டையே கொளுத்தியிருக்கலாம். அலமாரிக் கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது. இரண்டாவது இழுப்பில் பூட்டு கையோடு வந்தது. உள்ளே ஒற்றைத் தட்டு, விளிம்பில் நீலக்கோடு, விரல் தடிமனுக்குத் தூசி. சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். இடதுபக்கம் மூலை இருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுந்த நாற்காலியைத் தூக்கித் தன் இடத்தில் போட்டாள். பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியை மேஜையோடு இழுத்து, அதன் முன்னால் தட்டை வைத்தாள்.

அம்மாவின் கை வந்து தட்டை எடுத்தது. அவள் பிடுங்கித் திரும்ப வைத்தாள். அம்மா மறுபடி எடுத்தாள். அவள் மறுபடி வைத்தாள், தட்டைக் கையால் அழுத்திக்கொண்டு, கோழியும் கிழங்கும் ரொட்டியும் கண்டபடி அள்ளிப் போட்டாள்.

"வேண்டாம்மா," என்றாள் அம்மா. கெஞ்சினாள். "நீ வந்திருக்கே. இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கே. அது போதும்."

"வாலு," என்றாள் அவள். சத்தமாக. "அக்கா வந்திருக்கேன். வந்து சாப்பிடு."

கடிகாரம். மழை.

சுரண்டுகிற சத்தம் நின்றது.

அவள் உட்கார்ந்தாள்.

மூலையில் எதுவோ எழுந்தது. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது எழுந்திருக்க. தரையில் கால் இழுபட்டது. ஒரு அடி. இன்னொரு அடி. நகம் சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. அண்ணன் தலையைத் திருப்பாமல் தன் நாற்காலியை முன்னால் இழுத்து வழிவிட்டான். அண்ணி முழங்கையை ஒடுக்கிக்கொண்டாள். அந்த ஈரத்துணி வாசனை. இப்போது விலகவில்லை. மேலே வந்து கவிந்தது.

பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. உட்கார்ந்தாயிற்று.

திரும்பு, என்றாள் தனக்குத்தானே. இதற்குத்தானே வந்தாய்.

சூப் பாத்திரத்தின் மூடி எதிரில் இருந்தது. பளபளவென்று தேய்த்த மூடி. அதில் அண்ணன் தெரிந்தான், கோணலாக. அம்மா தெரிந்தாள். தான் தெரிந்தாள். தனக்குப் பக்கத்தில்...

கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் பார்த்தாகிவிட்டது. முடி. முடிக்குள் ஒரு முகம். கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. ஆனால் யாருக்கும் காட்ட வேண்டியிராத முகம். சிரிக்க மறந்து, அழ மறந்து, எது எங்கே இருக்க வேண்டும் என்பதையும் மறந்து, அதனதன் போக்கில் தளர்ந்துபோன முகம். அதன் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. குரல் இல்லை. உதடு ஒட்டவில்லை, நாக்கு மேலே போய்த் தொட்டது, வாய் பெரிதாகத் திறந்தது. மறுபடி. மறுபடி.

அக்கா. அக்கா. அக்கா.

கழுத்தை இரண்டு அங்குலம் திருப்ப வேண்டும். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இந்த உலகத்தில் அவளைத் தவிர அதைச் செய்ய வேறு ஆள் கிடையாது.

கழுத்து திரும்பவில்லை.

திருப்பு. திருப்புடி.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கிழங்கைப் பார்த்தாள். எதிரில் அம்மா, அண்ணன், அண்ணி மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்ததிலிருந்து முதல்முறையாக, நேராக, அவள் கண்ணுக்குள். மேஜைமேல் இருந்த அவளுடைய இடது மணிக்கட்டில் ஐந்து விரல்கள் வந்து விழுந்தன. எலும்பின் எடை. குளிர்.

"அம்மா," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "கோழி நல்லா வந்திருக்கு. இன்னொரு துண்டு வை."

அம்மாவின் முகம் மலர்ந்தது. பதினோரு வருடத்தில் யாரும் இவளைப் பார்த்து அப்படி மலர்ந்ததில்லை. "வெக்கிறேன், வெக்கிறேன்," என்று பெரிய துண்டாகத் தேடி எடுத்து வைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "ரயில்ல கூட்டமா?" என்று கேட்டான். தம்ளரில் தண்ணீர் நிரம்பியது. அண்ணி ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நீலக்கோடு போட்ட தட்டை அம்மா எடுத்துக்கொண்டு போனாள். அலமாரிக் கதவு சாத்திக்கொண்டது.

மணிக்கட்டில் நகங்கள் இறங்கின. தோல் கிழிந்தது. சூடாக ஒன்று வழிந்து வெள்ளை விரிப்பில் பரவியது. அண்ணி அதைப் பார்க்காமலே, ஒரு துணியை நாலாக மடித்து அதன்மேல் போட்டாள்.

"கூட்டம்தான்," என்றாள் அவள், வலது கையால் கோழியைப் பிய்த்துக்கொண்டே. "நிக்கக்கூட இடமில்ல."

பக்கத்தில் அந்த வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அதன் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. பிடி இறுகி இறுகி எலும்புவரை போயிற்று, அவள் மென்றுகொண்டிருந்தாள்.